புயல் பலகை வாங்கும்போது தகட்டை மட்டும் பார்த்தால் போதாது

புயலில் ஜன்னல் உடைந்தால் மழைத் தண்ணீர் உள்ளே வரும், அவ்வளவுதானே என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீர் சின்னப் பிரச்சினை. உடைந்த வழியே காற்று புகுந்ததும் வீட்டுக்குள் அழுத்தம் ஏறி, கூரையை உள்ளிருந்து தள்ளும். மேலே ஓடும் காற்று அதே கூரையை ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்தால் கூரை பிய்ந்துகொள்ளும். இதைத் தடுக்கத்தான் புயல் பலகை: ஜன்னலை வெளியிலிருந்து மூட அடுத்தடுத்து மாட்டும் தகடுகள்.

1992-ல் ஆண்ட்ரூ சூறாவளி தெற்கு ஃபுளோரிடாவைப் புரட்டிப்போட்ட பிறகு, அங்கே ஜன்னல் காப்புக்குக் கடுமையான சோதனைகள் வந்தன. சுமார் 4 கிலோ மரச்சட்டத்தை நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் பலகைமேல் எறிவார்கள். அடிவாங்கிய அதே பலகையைப் பிறகு உள்ளும் வெளியுமாக ஆயிரக்கணக்கான முறை அழுத்துவார்கள். இதில் தேறியதற்கான ஒப்புதல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடியில் குறுக்கே டேப் ஒட்டுவதால் எந்தப் பயனும் இல்லை.

இனி பொருள். கால்வனைஸ் செய்த (துத்தநாகம் பூசிய) இரும்புத் தகடு மலிவு, அடி தாங்கும். ஆனால் கனம். ஓரம் கத்தி மாதிரி இருக்கும். கையுறை இல்லாமல் தொடக்கூடாது. உப்புக்காற்றில் வெட்டிய ஓரத்தில்தான் முதலில் துரு ஏறும். அலுமினியம் விலை கூடுதல், எளிதில் நசுங்கும்; ஆனாலும் ஏணியில் நின்று ஒரே ஆள் தூக்கி மாட்டலாம். பத்துப் பன்னிரண்டு ஜன்னல் உள்ள வீட்டுக்கு அந்த விலை தகும் என்பதே எங்கள் கணிப்பு. பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக் வெளிச்சம் விடும். மின்சாரம் போனபின் வீடு குகையாகிவிடாமல் இருக்க, ஜன்னலுக்கு ஒரு பாலிகார்பனேட் பலகையும் மீதிக்கு அலுமினியமும் போடலாம். பாலிகார்பனேட்டை வெயிலில் அடுக்கி வைத்தால் மஞ்சளாகும். தின்னர் போட்டுத் துடைத்தால் நுண்ணிய விரிசல் விடும்.

பிளைவுட் கடைசி நேரத்துக் கைகொடுப்பு. ஃபுளோரிடா விதி உயரம் குறைந்த வீடுகளுக்கு, 2.4 மீட்டருக்கு மிகாத அகலத்துக்கு, குறைந்தது 11 மி.மீ. தடிமனில் அதை அனுமதிக்கிறது. மயாமி-டேட், பிரோவார்டு மாவட்டங்களில் அதுவும் செல்லாது. போடுவதென்றால் 16 மி.மீ. போடுங்கள். முழுத் தாளைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அதைவிட முக்கியம், திருகு ஜன்னல் சட்டத்தில் ஏறக்கூடாது. மரச்சட்டத்தில் கட்டிய வீடானால், சுவருக்குள் இருக்கும் மரத்தூணில் 5 செ.மீ. ஆழம் இறங்க வேண்டும். ஆணி அடித்த பலகையைக் காற்று முன்னும் பின்னும் ஆட்டும். ஆட ஆட ஆணி கழன்று வந்துவிடும்.

பலகை பெரும்பாலும் நடுவில் உடைவதில்லை, பிடிமானத்தில்தான் விடுகிறது. மேலே டிராக் (பலகையைச் செருகும் பள்ளச் சட்டம்), கீழே போல்ட், அதில் விங் நட் (கையால் திருகும் இறக்கை நட்டு) என்பது வழக்கமான அமைப்பு. இவற்றைச் சுவரோடு பிடிக்கும் ஆங்கர் கான்கிரீட்டில் ஏற வேண்டும்; மேல்பூச்சிலேயே நின்றுவிட்டால் காரையோடு பெயர்ந்து வரும். ஆங்கர் அளவையும் இடைவெளியையும் பலகையின் ஒப்புதலோடு வரும் வரைபடம் சொல்கிறபடியே வையுங்கள், ‘ஒன்றுவிட்டு ஒன்று போதும்’ என்று விடாதீர்கள். போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். அது அலுமினியத்தைத் தொடும் இடத்தில் பிளாஸ்டிக் வாஷர் வையுங்கள். இல்லாவிட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரிக்கும். பலகை காற்றில் உள்நோக்கி வளையும் என்பதால் கண்ணாடிக்கும் அதற்கும் இடைவெளி வேண்டும்; அந்த அளவும் வரைபடத்திலேயே இருக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை, புயல் சீசனுக்கு முன்பே ஒத்திகையாக மாட்டிப் பாருங்கள். அப்போதுதான் டிராக்கில் மணல் அடைத்திருப்பதும், விங் நட் மரையில் இறுகிச் சுற்ற மறுப்பதும் தெரியும். அமெரிக்காவில் பலத்த காற்று தொடங்குவதற்குச் சுமார் 48 மணி நேரம் முன்பே சூறாவளி முன்னறிவிப்பு (ஹரிகேன் வாட்ச்) வரும். மாட்டும் வேலையை அப்போதே தொடங்குங்கள். காற்று ஏறியபின் ஏணியில் பிடித்த தகடு கப்பல் பாய் ஆகிவிடும். ஒவ்வொரு பலகையின் உள்பக்கமும் எந்த ஜன்னல், எத்தனையாவது, எது மேல்பக்கம் என்று அழியாத மார்க்கரில் எழுதுங்கள். எல்லா வழியையும் வெளியிலிருந்தே பூட்டிவிடாமல், உள்ளிருந்து திறக்கிற கதவு ஒன்றாவது இருக்கட்டும்.