குடமுழுக்கா, நன்னீராட்டா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மாரியம்மன் கோயில் பதாகை ஒன்றில் 'மகா கும்பாபிஷேகம்' என்றிருக்கும். அடுத்த கோயிலில் 'திருக்குட நன்னீராட்டு விழா'. சடங்கு ஒன்றுதான்.

கும்பம், அபிஷேகம் இரண்டும் வடசொல். கும்பம் என்றால் குடம். அபிஷேகத்தின் வேர் 'சிச்'. தெளிப்பது, சொரிவது என்று பொருள். அதற்கு நேரான தமிழ் குடமுழுக்கு. முழுகு என்பதிலிருந்து வந்தது முழுக்கு. இங்கே எதுவும் நீருக்குள் முழுகுவதில்லை. எண்ணெய் முழுக்குப் போலத் தலையிலிருந்து நனைவதுதான்.

பெயரில் குடம் ஏன் முன்னால் நிற்கிறது? திருப்பணி தொடங்கும்போதே மூலவரின் ஆற்றலைக் குடத்து நீருக்கு மாற்றி, பாலாலயம் என்ற தற்காலிகச் சன்னதியில் வைத்துவிடுவார்கள். பாலாலயத்துக்கு அப்பர் காலத்திலிருந்தே 'இளங்கோயில்' என்ற அழகான சொல் இருக்கிறது. ஏனோ பதாகைகளில் காணோம். வேலை முடிந்ததும் நூல் சுற்றி, மாவிலையும் தேங்காயும் தருப்பைப் புல் முடிச்சான கூர்ச்சமும் வைத்த குடங்கள் வேள்விச்சாலையில் அமரும். பிறகு தலைச்சுமையாக வலம் வந்து, அந்த நீர் விமானக் கலசத்திலும் மூலவர் மீதும் சேரும். ஆற்றலைச் சுமப்பது குடம். நன்னீராட்டு என்று மட்டும் எழுதினால் அன்றாட அபிஷேகத்துக்கும் அது பொருந்திவிடும். கோபுர உச்சியில் வரகு நிரப்பி நிறுத்தும் செம்புக் கலசம் வேறு. அதைக் கும்பம் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அட்டபந்தனம் என்பது குடமுழுக்கையொட்டிச் சிலையைப் பீடத்தோடு பிணைக்கும் எண்பொருள் மருந்து: கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய். இளகிச் சேரும்வரை இடிக்க வேண்டும். அவசரத்தில் இடியைக் குறைத்தால் மருந்தில் வெடிப்பு விழும், அபிஷேக நீர் பீடத்துக்கு அடியில் இறங்கும், சிலை ஆடும். 12 ஆண்டுக்கு ஒருமுறை என்ற வழக்கத்துக்கு இந்த மருந்தின் ஆயுளும் ஒரு காரணம். சாயம் பூசுவது மட்டும் திருப்பணி ஆகாது.

பழைய கோயிலைப் புதுப்பித்துச் செய்வது புனராவர்த்தம், அதாவது மறுகுடமுழுக்கு. புதுக்கோயிலுக்குச் செய்வது ஆவர்த்தம். முடிந்தபின் 48 நாள் நடப்பது மண்டல பூசை.

'குடமுழக்கு' என்று அச்சடித்துவிடாதீர்கள். முழக்கு என்றால் ஓசை. குடமுழா என்றொரு தோற்கருவியும் உண்டு. திருவாரூரில் அது ஐந்து முகத்தோடு இருக்கிறது.