குன்னூரைத் தொட்டால் கூடலூர் மழை நின்றுவிடாது

ஆகஸ்ட் வந்தால் போதும், மழைக்கணக்கு டாஷ்போர்டின் (வரைபடமும் சார்ட்டுகளும் ஒரே பக்கத்தில் இருக்கும் திரை) ஸ்கிரீன்ஷாட் ஒன்று வாட்ஸ்அப்பில் கிளம்பிவிடும்: "நீலகிரியில் இந்த வருஷம் மழையே இல்லை." டாஷ்போர்டு நிஜம்தான், எண்களும் சரிதான். ஓரத்து வரைபடத்தைப் பாருங்கள், குன்னூர் மட்டும் அழுத்தமான நிறத்தில் இருக்கும். யாரோ அதைத் தொட்டுவிட்டு, விடுவிக்காமலே படம் பிடித்திருக்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை கொட்டுவது கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம். குன்னூரும் கோத்தகிரியும் பெரிதும் வடகிழக்கை நம்பியவை. மலையில் எல்லோருக்கும் தெரிந்த இது, ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்ததும் மறந்துபோகிறது.

"தொட்டது பளிச்சென்று தெரியும், மற்றவை அப்படியே இருக்கும்" என்ற நினைப்புதான் வினை. ஒன்றைத் தொட்டால் மற்றவையும் மாறும்படி இணைத்த சார்ட்டுகளில் ஒரே தொடலுக்கு இரண்டு விளைவு உண்டு. ஹைலைட் என்றால் மற்றவை மங்கும், ஆனால் இருக்கும். ஃபில்டர் என்றால் கணக்கிலிருந்தே போய்விடும். மொத்தமும் சராசரியும் மிச்சத்துக்கு மட்டும்தான். இரண்டும் ஒரே பக்கத்தில் கலந்து நடப்பது இன்னும் மோசம். டாஷ்போர்டு செய்யும் மென்பொருளான பவர் பிஐ-யில் ஒரு தாலுகாவின் பட்டையைத் தொட்டால் பக்கத்துப் பார் சார்ட் மங்கும். லைன் சார்ட்டுக்கு மங்கத் தெரியாது, அது ஃபில்டர்தான் ஆகும். டீஃபால்ட்டை நம்பாதீர்கள். எடிட் இன்டராக்‌ஷன்ஸைத் திறந்து, மங்க வேண்டுமா ஃபில்டர் ஆக வேண்டுமா என்று ஒவ்வொரு சார்ட்டுக்கும் நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஃபில்டர் ஆன கையோடு செங்குத்து அச்சும் தானாகச் சுருங்கும். 20 மி.மீ. தூறலும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியதும் ஒரே உயரத்தில் நிற்கும். அச்சைப் பூட்டுங்கள்: கீழே 0, மேலே எல்லா நிலையங்களுக்கும் பொதுவான உச்சம். தூறல் தட்டையாகத் தெரிகிறதே என்பார்கள். தூறல் தட்டையாகத்தான் தெரியும்.

மழைக்கணக்கோடு மண்சரிவுப் பட்டியலை இணைப்பவர்கள் கவனிக்க: வானிலைத் துறையின் மழைநாள் காலை 8.30-க்கு முடிகிறது. 9-ம் தேதி அளவெடுத்த மழையின் 24 மணி நேரத்தில் பதினைந்தரை மணி நேரம் 8-ம் தேதியுடையது. நாட்காட்டித் தேதியை வைத்து அப்படியே இணைத்தால் இன்று சரிவு, நாளை மழை என்று காட்டும். 8.30-க்குப் பிந்தைய சரிவுகளை மறுநாள் மழைக்கணக்கில் சேருங்கள்.

ஊர்ப்பெயரை வைத்து மட்டும் தயவுசெய்து இணைக்காதீர்கள். ஊட்டி, உதகை, உதகமண்டலம் மூன்றும் கணினிக்கு மூன்று ஊர். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டின் பதிவுகள் வராது. கூடலூரோ, அதே பெயரில் ஊர் இருக்கும் தேனி மாவட்டத்தில் போய் உட்காரலாம். நிலையத்துக்கு ஒரு குறியீட்டு எண் கொடுங்கள்.

தலைப்பிலேயே "தேர்வு: குன்னூர் மட்டும்" என்று தானாக வரட்டும், ஸ்கிரீன்ஷாட்டோடு அதுவும் போகும். ரீசெட் பட்டன் பக்கத்தின் மேலேயே இருக்கட்டும். அதை மூன்றாவது மெனுவுக்குள் ஒளித்துவைத்துவிட்டு, பார்ப்பவரைத் திட்டாதீர்கள்.