இன்ஜின் உட்கார்ந்துவிட்டது, சரி, வண்டி நிற்குமா?

போன மாதம் ஒரு பழைய சிஜே3பி ஜீப் பட்டறைக்கு வந்தது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற வண்டி, மூன்றாவது கை. "ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்குதுண்ணே, என்னன்னு பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார் ஓனர். சேற்றைக் கழுவி, டீசலில் நனைத்த துணியால் சேஸியை, வண்டியின் அடிச்சட்டத்தை, துடைத்துக்கொண்டே வந்தபோது, இன்ஜின் மவுண்டிங் வெல்டிங்குக்குப் பக்கத்தில் தலைமுடி கனத்தில் ஒரு கோடு, உள்ளே துரு கசிந்து சிவந்து கிடந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், கோடு சேஸியின் கீழ் விளிம்பு வரை போயிருந்தது. யாரோ எப்போதோ பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு ஒரு டர்போ டீசலை ஏற்றியிருக்கிறார்கள், இடம் போதாமல் குறுக்குச் சட்டத்தை அறுத்திருக்கிறார்கள், அறுத்ததற்குப் பதிலாக எதையும் வைக்கவில்லை. அந்த வண்டிதான் தினமும் பத்துப் பேரோடு போடிமெட்டு மலைப்பாதையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்ஜின் மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் மாற்றியிருக்கிறேன். ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "இந்த இன்ஜின் இதுல உக்காருமாண்ணே?" என்பதுதான். உட்காரும். வெட்டி ஒட்டினால் எதுவும் எதிலும் உட்காரும். கேட்க வேண்டிய கேள்வி, அந்த இன்ஜினின் எடையையும் இழுவையையும் மற்ற பாகங்கள் தாங்குமா என்பது.

பார்க்கப்போனால் சிஜே3பி என்ற வண்டியே ஓர் இன்ஜின் மாற்றத்தில் பிறந்ததுதான். வில்லிஸ் கம்பெனி 1953-இல், முந்தைய ஜீப்பில் இருந்த 60 குதிரைத்திறன் இன்ஜினுக்குப் பதிலாக ஹரிகேன் இன்ஜினை வைத்தது. அதே 2,199 சிசி தான், ஆனால் காற்று உள்ளே வருகிற இன்லெட் வால்வு மேலே ஹெட்டுக்குள் போனதால் இன்ஜின் உயரமாகிவிட்டது. அதற்காகவே பானெட்டை உயர்த்தினார்கள், அந்த உயர்ந்த மூக்கு அப்படி வந்ததுதான். மஹிந்திரா இந்த வண்டியைப் பல வருஷம் இங்கே செய்தது, பின்னாளில் அவர்களே பியூஜோவின் 2,112 சிசி டீசலையும் ஜீப்பில் வைத்தார்கள். அதன் டார்க் (சுழற்றும் விசை) சுமார் 120 நியூட்டன் மீட்டர், ஹரிகேனோ சுமார் 155. அதாவது அந்த டீசல் ஹரிகேனைவிடச் சாது. பழைய கியர்பாக்ஸ் முனகாமல் தாங்கியது அதனால்தான்.

இப்போது கேட்பது அப்படியல்ல, 220, 250 நியூட்டன் மீட்டர் தருகிற டர்போ. கணக்கைப் பாருங்கள். இன்ஜின் சுழற்சியை ஒவ்வொரு கட்டமும் எத்தனை மடங்கு குறைத்து இழுவையைக் கூட்டுகிறது என்றால், பழைய டி-90 கியர்பாக்ஸில் முதல் கியர் 2.8, நான்கு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிக்கிற டிரான்ஸ்பர் கேஸின் லோ ரேஞ்ச் 2.46, ஆக்சிலில் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. ஹரிகேனின் 155, சக்கரத்துக்குப் போகும்போது ஏறக்குறைய 5,700 ஆகிறது. 220 தருகிற டீசல் என்றால் 8,100-ஐத் தாண்டுகிறது. பாறையில் ஒரு சக்கரம் மாட்டிக்கொண்ட நேரத்தில் கிளட்சைப் பட்டென்று விட்டால், அந்த மொத்தச் சுமையும் ஜாயின்ட் கிராஸிலும் ஆக்சில் ஷாஃப்ட்டிலும் கிரவுன் பினியனிலும் போய் விழும். எது இளைத்ததோ அது உடையும்.

ரோட்டிலும் ஆக்சிலின் அந்த 5.38 விடாது. 6.00-16 டயரோடு டாப் கியரில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கே இன்ஜின் நிமிஷத்துக்கு 2,450 சுற்று சுற்ற வேண்டும், 80 போனால் 3,250-க்கு மேல். மெதுவாகச் சுற்றும் பழைய டீசலை வைத்துக்கொண்டு "வேகம் வரலையே" என்றால் எங்கிருந்து வரும்?

ஆனால் எனக்கு அதிகம் பயம் தருவது ஏற்றமல்ல, இறக்கம். பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலரேட்டரை விட்டதும் திராட்டில் தட்டு மூடிக்கொள்ளும், காற்று கிடைக்காமல் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பெரும்பாலான டீசலில் அந்தத் தட்டே கிடையாது, அதனால் பலர் நம்புகிற அளவுக்கு அது பிடிக்காது. எடையும் கூடிவிட்டது, இன்ஜினின் பிடிப்பும் குறைந்துவிட்டது, பிரேக்கோ அதே 9 அங்குல ட்ரம், ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே லைன். ஓர் இடத்தில் பைப் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. அதனால் என்னிடம் வருகிற வண்டிக்கு இரட்டை லைன் மாஸ்டர் சிலிண்டரும் பெரிய பிரேக்கும் முதலில், இன்ஜின் அப்புறம். பிரேக்கை லேசாக்குகிற பூஸ்டர் வைத்தால் டீசலுக்குத் தனியாக வேக்யூம் பம்ப் வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். சில பழைய ஜீப்புகளில் வைப்பர்கூட இன்ஜின் வேக்யூமில்தான் ஓடும், டீசல் ஏறியதும் அது நின்றுபோகும், மழையில்தான் தெரியவரும்.

லேத் பட்டறையில் அடாப்டர் பிளேட் கடைந்து இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கிறார்களே, அங்கே மையம் சரியா என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். கிளட்சை மூடியிருக்கிற பெல் ஹவுசிங்கின் மையம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கு மேல் விலகினால், முதலில் இன்புட் பேரிங் சத்தம் போடும், பிறகு கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி விரியும், பிறகு கியர் தானாகக் கழலும். இறக்கத்தில் கியர் கழன்ற வண்டியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, இந்த ஜீப்பில் பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில். டீசலுக்கு ரிட்டர்ன் லைன் வேண்டும் என்று அதில் ஒரு மூக்கு வைக்க வெல்டிங்கை எடுப்பார்கள். காலி டேங்க்தானே என்று நினைக்காதீர்கள், நிறைந்த டேங்கைவிட ஆவி நிற்கிற காலி டேங்க்தான் வெடிக்கும். புது டேங்க் போட்டுவிடுங்கள். மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டீசல் பலவும் சாவியைத் திருப்பினால் நிற்காது, ஸ்டாப் கேபிள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

பேப்பர் விஷயத்தைக் கடைசியில் வைத்தாலும் நீங்கள் முதலில் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்சி-க்கும் (பதிவுச் சான்று) மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்சி-யில் ஏறாத இன்ஜினோடு விபத்தில் மாட்டினால் இன்சூரன்ஸும் கையை விரிக்கலாம். வின்டேஜ் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு இழப்பு உண்டு: 2021-இல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதியலாம், ஆனால் சேஸி, பாடி, இன்ஜின் பெரிதாக மாறாமல் இருந்தால்தான்.

அதனால்தான் ஹரிகேனோடு வருகிறவர்களிடம் முதலில் கம்ப்ரஷன் பார்த்துவிடலாம் என்பேன். பல நேரம் போரிங், பிஸ்டன், வால்வு வேலை, நல்ல கார்புரேட்டர், இவ்வளவிலேயே அவர்கள் கேட்ட இழுவை வந்துவிடுகிறது.

விரிசல் விட்ட அந்த ஜீப் இன்னும் இங்கேதான் நிற்கிறது. இன்ஜினை இறக்கியாகிவிட்டது, குறுக்குச் சட்டம் திரும்பப் போக வேண்டும், பிரேக் வேலை பாக்கி. "எப்பண்ணே கிடைக்கும், சீசன் போயிருமே" என்று ஓனர் நேற்றும் போன் செய்தார். எல்லாம் முடிந்தபின் மூட்டை ஏற்றிக்கொண்டு நானே போடிமெட்டு ஏறி இரண்டாவது கியரில் இறங்கி வருவேன், அடிவாரத்தில் நான்கு ட்ரம்மிலும் தண்ணீர் தெளித்துப் பார்ப்பேன். சுர்ரென்று கொதித்தால் வண்டி மறுபடி பட்டறைக்குத்தான் வரும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.