பேக்கப் மின்சாரமும் சேம அச்சும்

மும்பை செம்பூரில் வாடகைக்கு வீடு பார்க்கும் தமிழர், முன்பணத்தையும் தண்ணீர் வரும் நேரத்தையும் விசாரித்த கையோடு ‘லிப்டுக்கு பேக்கப் உண்டா?’ என்று கேட்கிறார். சற்றுத் தள்ளியிருக்கும் அணுசக்தி நகரில், நாட்டின் அணுமின் நிலையங்களை நடத்தும் கழகத்துக்கும் அவற்றை மேற்பார்க்கும் ஒழுங்குமுறை வாரியத்துக்கும் தலைமை அலுவலகங்கள் உள்ளன. அங்கேயும் இதே சொல்தான் புழங்குகிறது. லிப்ட் நின்றால் மாடிப்படி இருக்கிறது. அணு உலையில் மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தச் சொல்லுக்குத் தமிழ் தேட வேண்டும். ஏனெனில் அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல் இங்கே பொருந்துவதில்லை.

ஆங்கிலத்தில் ‘பேக்’ என்பது முதுகு. பின்னால் நின்று ஒருவரைத் தாங்குவது என்னும் பொருளில் வினையாக வழங்கிவந்த ‘பேக்கப்’, முதலாவது கைவிட்டால் எடுத்துக்கொள்வதற்காக வைத்திருப்பது என்னும் பெயர்ச்சொல்லாக நிலைபெற்றது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். சிவாஜி பார்க்கில் கிரிக்கெட் ஆடும் பையன்களுக்குப் பழைய பொருள் நன்றாகவே தெரியும். ஸ்டம்பை நோக்கி எறியப்படும் பந்து தவறினால் பிடிப்பதற்கு எதிர்ப்புறம் ஒருவன் ஓடிப்போய் நிற்கிறானே, அவன்தான் பேக்கப். ஸ்டம்புக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் அவனால் பயனில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அணு உலையை நிறுத்தியவுடன் சங்கிலி வினை நின்றுவிடும், வெப்பம் நிற்காது. பிளவில் உண்டான கதிரியக்கப் பொருள்கள் சிதைந்துகொண்டே இருப்பதால், நிறுத்திய கணத்தில் முழுத் திறனில் ஏறத்தாழ 6 முதல் 7 விழுக்காடும், ஒரு நாள் கழிந்த பின்னும் அரை விழுக்காட்டை ஒட்டியும் வெப்பம் எழுந்தவண்ணம் இருக்கும். கூடங்குளத்து உலை ஒன்றின் வெப்பத்திறன் 3000 மெகாவாட் என்பதால், அரை விழுக்காடு என்பது 15 மெகாவாட் ஆகிறது. இதை அகற்றப் பம்புகள் வேண்டும். அகற்றப்படுகிறதா என்று அறிய நீர்மட்டம், அழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றைக் காட்டும் அளவிகள் வேண்டும். பம்புகள் பெரும் மின்சாரத்தை விழுங்குபவை. அளவிகளுக்கோ மிகச் சிறிதளவு போதும், ஆனால் அது ஒரு நொடியும் அறுபடக் கூடாது.

ஆகவே இந்தியக் கனநீர் உலைகளில் மின்சாரத்தை நான்கு வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். மின்தொகுப்பிலிருந்தும் நிலையத்தின் சொந்த டர்பைனிலிருந்தும் வருவது நான்காம் வகுப்பு. அது போனால் டீசல் ஜெனரேட்டர்கள் தருவது மூன்றாம் வகுப்பு. ஜெனரேட்டர் முடுக்கம் பெறும்வரைகூடப் பொறுக்க முடியாத கருவிகளுக்கு இடையறாமல் வரும் மாறுதிசை மின்சாரம் இரண்டாம் வகுப்பு. பேட்டரியிலிருந்து வரும் நேர்திசை மின்சாரம் முதல் வகுப்பு. ‘பேக்கப்’ என்ற ஒற்றைச் சொல் இவற்றில் மூன்றை ஒரே பெட்டியில் அடைத்துவிடுகிறது. அந்த ஜெனரேட்டர் முடுக்கம் பெறும் இடைவெளி சிறிய விஷயமும் அன்று: சுழற்சி ஓய்ந்துகொண்டிருக்கும் டர்பைனைக் கொண்டு அதை நிரப்ப முடியுமா என்று சோதித்த இரவில்தான், 1986 ஏப்ரல் 26 அன்று, செர்னோபில் உலை வெடித்தது.

நான்காம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் சேர்ந்து போவதைத்தான் பொறியாளர்கள் ‘ஸ்டேஷன் பிளாக்அவுட்’ என்கிறார்கள். இதை ‘இருட்டடிப்பு’ என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. தமிழில் இருட்டடிப்பு என்றால் செய்தியை மறைப்பது. மேலும் இந்நிலையில் பேட்டரி இன்னும் உயிரோடு இருப்பதாகவே வரையறை சொல்வதால், இருட்டு என்பதும் பிழை. ‘மின்வெட்டு’ வேண்டுமென்றே வெட்டுவது. 2020 அக்டோபர் 12 காலையில் மும்பையின் லோக்கல் ரயில்கள் ஆங்காங்கே நின்றதே, அது மின்தடை. உலையைப் பொறுத்தவரை ‘நிலைய மின்னிழப்பு’ என்பதே போதுமானது.

நம் நாட்டில் இது நேர்ந்திருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் நரோராவில், 1993 மார்ச் 31 அன்று, டர்பைனின் சுழல்தகடு முறிந்து ஹைட்ரஜன் தீப்பற்றியபோது, முதன்மை மின்சாரத்தின் கேபிள்களும் அவசர மின்சாரத்தின் கேபிள்களும் பிரிக்கப்படாமல் ஒரே வழியாகச் சென்றிருந்ததால் இரண்டும் சேர்ந்து எரிந்தன. ஏறத்தாழ 17 மணி நேரம் நிலையம் மின்னிழந்து கிடந்தது. கட்டுப்பாட்டு அறையில் புகை நிறைந்து ஆட்கள் வெளியேற வேண்டியதாயிற்று. தீயணைப்புக்கென்று வைத்திருந்த டீசல் பம்புகளால் நீராவியாக்கிகளுக்குத் தண்ணீர் செலுத்தியே உலையைக் காத்தார்கள்.

புகுஷிமாவின் கதை இன்னும் நுட்பமானது. 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் வெளி மின்சாரத்தை அறுத்தது; ஜெனரேட்டர்கள் சரியாகவே இயங்கத் தொடங்கின; ஏறக்குறைய 50 நிமிடங்களில் வந்த ஆழிப்பேரலை, அடித்தளத்தில் இருந்த அவற்றை மூழ்கடித்தது. முதல் உலையில் பேட்டரி மின்சாரமும் போனதால் அளவிகள் குருடாயின. ஊழியர்கள் வாகனங்களிலிருந்து பேட்டரிகளைக் கழற்றி வந்து, கைவிளக்கு வெளிச்சத்தில் அவற்றை அளவிகளோடு இணைத்தார்கள். உயிர்பெற்ற அளவி, எரிபொருளுக்கு மேலே தண்ணீர் இருப்பதாகக் காட்டியது. அது பொய். ஒப்பீட்டுக்காகக் குழாயில் நிற்க வேண்டிய நீர் வெப்பத்தில் ஆவியாகிவிட்டதால் அளவு பிழைபட்டிருந்தது. அந்த உலையின் இனத்தைச் சேர்ந்த கொதிநீர் உலைகள் இரண்டு, மும்பைக்கு வடக்கே தாராப்பூரில் 1969இல் இயங்கத் தொடங்கியவை என்பதால், இந்த நகரத்தில் அச்செய்தியை யாரும் தொலைதூரச் செய்தியாகப் படிக்கவில்லை.

இனிச் சொல்லுக்கு வருவோம். ‘மாற்று மின்சாரம்’ என்றால் சூரிய ஒளியும் காற்றாலையும் நினைவுக்கு வரும். ‘துணை’ என்ற சொல்லைத் துணை மின்நிலையம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. ‘காப்பு’ கணினிக்காரர்களுக்குப் பொருந்தும். காப்புப் பிரதி என்பது நல்ல ஆக்கம். ஆனால் மின்துறையில் காப்பிடுதல் என்றால் கம்பிக்கு உறையிடுதல். ‘இருப்பு’ கடையின் சரக்குக் கணக்கு.

எஞ்சியிருப்பது ‘சேமம்’. இதற்குச் சான்று புறநானூற்றின் 102ஆம் பாட்டில் இருக்கிறது. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், உமணர் என்னும் உப்பு வணிகரின் வண்டியைக் காட்டுகிறார். எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. வண்டியில் பாரமோ பெரிது. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன ஆகும் என்று யார் அறிவார்? ஆகவே ‘கீழ்மரத்து யாத்த சேம அச்சு’, அதாவது வண்டியின் அடிமரத்தில் கட்டிவைத்த உதிரி அச்சு போன்றவன் நீ என்கிறார். அதே பாட்டின் முடிவில் ‘இருள் யாவணதோ நின் நிழல் வாழ்வோர்க்கே’ என்றும் வருகிறது. அந்த அச்சின் இடத்தில் இன்றிருக்கும் உதிரிச் சக்கரத்துக்கு டாக்சிக்காரர் ‘ஸ்டெப்னி’ என்று பெயர் சொல்வார்; அதுவோ வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்னும் ஊரின் தெருப்பெயர்.

இச்சொல் வடமொழி ‘க்ஷேம’ அல்லவா என்ற மறுப்பு எழும். ஆம், நரிமன் பாயிண்டில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் தலைமைக் கட்டடத்துக்கு ‘யோகக்ஷேமா’ என்று பெயரிட்டிருப்பதும் அச்சொல்லால்தான். இல்லாததை அடைவது யோகம், அடைந்ததைக் காப்பது க்ஷேமம் என்று பொருள் கூறுவார்கள். வேறு வேண்டுவோர் ‘ஏமம்’ என்பதை எடுக்கலாம். சினம் ‘இனமென்னும் ஏமப் புணையைச் சுடும்’ என்று குறள் அதைக் கரைசேர்க்கும் தெப்பத்துக்கு அடையாக்குகிறது. ஆனால் ஏமம் இன்று பேச்சில் இல்லை. சேமமோ சேமிப்பிலும் சேமக்கலத்திலும் உயிரோடிருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் உப்பு வண்டியோடு வந்த சொல்லை வந்தேறி என்று விலக்க எனக்கு மனமில்லை.

சேமம் பொருந்துவதற்கு முதன்மையான காரணம், ஔவையாரின் அச்சு ஓடும் அச்சோடு சேர்ந்து சுழல்வதில்லை என்பது. ஓடுவது முறியும்போது தானும் முறியாதபடி அது தனியே கட்டப்பட்டிருக்கிறது. நரோராவில் அவசரக் கேபிள் முதன்மைக் கேபிளோடு கிடந்தது. புகுஷிமாவில் ஜெனரேட்டர்கள் ஒரே வெள்ளம் எட்டும் இடத்தில் நின்றன. பெயர் அவசர மின்சாரம்; சேம மின்சாரம் ஆகவில்லை. வாகனத்திலிருந்து கழற்றி வந்த பேட்டரிதான் சேமமாயிற்று, அதுவும் முன்கூட்டி யாரும் கட்டிவைக்காதது. அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் 2012 மார்ச்சில் பிறப்பித்த உத்தரவு, பயன்படுத்திய எரிபொருளை நீரில் வைத்திருக்கும் குளத்தின் நீர்மட்ட அளவிகளுக்கு நிலையத்தின் மாறுதிசை, நேர்திசை மின்வழங்கல் இரண்டையும் சாராத மின்னிணைப்பு வேண்டும் என்றும், அது கொண்டுவந்து மாட்டும் ஜெனரேட்டராகவோ மாற்றத்தக்க பேட்டரியாகவோ இருக்கலாம் என்றும் கூறியது. இதைத் தமிழில் ‘அளவிகளுக்கான தனிச் சேம மின்சாரம்’ என்று எழுதலாம்.

எழுதும் முறையில் ஒரு குறிப்பு. வல்லினம் தொடரும்போது சேமக்கலம், சேமப்பொறி என்று ஒற்று மிகும். சேம மின்சாரம், சேம அளவி என்பவற்றில் மிகாது. ‘சேமிப்பு மின்சாரம்’ என்று எழுதினால் மின்கட்டணத்தில் மிச்சம் பிடித்தது என்று படிப்பார்கள்.