ஓய்வூதியம் வேறு, மருத்துவ உதவி வேறு: முன்னாள் இராணுவத்தினருக்கு ஒரு விளக்கம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் மாதம் ஒரு ஞாயிறு கோயில் மண்டபத்து ஓரத்தில் மேசை போட்டு உட்காருகிறோம். பிறப்புப் பத்திரம், சமூக நல இலாகா உதவி, சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு என்று யார் எந்தப் பாரத்தைக் கொண்டுவந்தாலும் நிரப்பித் தருவோம். வருகிறவர்களில் சிலர் எதையும் கேட்க மாட்டார்கள். மனைவிக்குத் துணையாக வந்து தூணருகே நிற்பார்கள். வயது அறுபதுக்கு மேல் இருக்கும், முதுகு மட்டும் வளைந்திருக்காது. நாம் பேசினால் ஒரு பக்கக் காதைத் திருப்பிக் காட்டுவார்கள். "ஐயா சோல்ஜராக இருந்தீர்களா?" என்று கேட்டால் பதில் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும்: "ரெஞ்சர் படை. பன்னிரண்டு வருடம். பென்ஷன் கிடையாது தம்பி, நமக்கு ஒன்றும் இல்லை."

பென்ஷன் கிடையாது என்பது உண்மை. நமக்கு ஒன்றும் இல்லை என்பது தவறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் வலியோடு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்காகவும், அவர்களின் பிள்ளைகளுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஓய்வூதியத்துக்கான 21 ஆண்டு விவகாரம். மலேசியப் படையில் அதிகாரி அல்லாத வீரர் ஒருவர் ஓய்வூதியம் பெற 21 ஆண்டுகள் சேவை செய்திருக்க வேண்டும். பதினெட்டு வயதில் சேர்ந்தவருக்கு அது முடியும்போது வயது நாற்பதைத் தொடும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தோட்டத்திலிருந்து போன பிள்ளைகளில் பலர் பத்து, பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளில் ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தார்கள். அப்போது படையினர் சேமநிதியிலிருந்து ஒரு தொகை கைக்கு வந்தது. வீரரின் சம்பளத்தில் 10 விழுக்காடும், அரசாங்கத்தின் பங்காக 15 விழுக்காடும் மாதாமாதம் சேர்ந்த பணம் அது. ஓய்வூதியம் இல்லாதவருக்கு இரண்டு பங்கும் உண்டு. அதை வாங்கி வீட்டுக்குக் கூரை மாற்றினார்கள், தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். 'கணக்குத் தீர்ந்தது' என்ற எண்ணமும் அன்றே மனத்தில் ஊன்றிவிட்டது. தீர்ந்தது சேமநிதிக் கணக்கு மட்டுமே.

இந்த ஊருக்கும் கம்யூனிஸ்டுகளுடனான போருக்கும் உள்ள உறவு பழையது. 1948 ஜூன் 16 அன்று இதே வட்டாரத்துத் தோட்டங்களில் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960இல் முடிந்தாலும், 1968இல் மீண்டும் மூண்ட கம்யூனிஸ்டுகளுடனான சண்டை 1989 டிசம்பர் 2இல் ஹாட்யாய் உடன்பாடு கையெழுத்தாகும் வரை ஓயவில்லை. இடைப்பட்ட அந்த இருபது ஆண்டுகளில் தாய்லாந்து எல்லைக் காடுகளில் நடந்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். ராயல் மலாய் ரெஜிமெண்டில் மலாய்க்காரர்கள் மட்டுமே சேர முடியும் என்பதால், காலாட்படைக்குப் போன இந்தியப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் எல்லா இனத்தவரும் சேரக்கூடிய ரெஞ்சர் படைதான் வீடு. கண்ணிவெடிக்குக் கால் கொடுத்தவர்களை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. காது போனவர்களையும் தூக்கம் போனவர்களையும் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இனி சட்டம். 2012ஆம் ஆண்டில் முன்னாள் வீரர்கள் சட்டம் நிறைவேறியது. யார் முன்னாள் வீரர் என்பதை அது வரையறுக்கிறது, அவர்களுக்குப் பதிவேடு வைக்கச் சொல்கிறது. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்படாமல் முறையாக விடுவிக்கப்பட்டவர், ஓய்வூதியம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் முன்னாள் வீரர்தான். இந்தப் பதிவையும் உதவிகளையும் கவனிப்பது தற்காப்பு அமைச்சின் கீழ் உள்ள இராணுவ முன்னாள் வீரர்கள் விவகார இலாகா. மலாயில் ஜேஎச்இவி என்ற சுருக்கப் பெயரால்தான் எல்லோரும் சொல்வார்கள். பேராக் மாநிலத்துக்கான கிளை ஈப்போவில் இருக்கிறது. முன்னாள் வீரர்கள் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதும் இந்த இலாகாவில் பதிவு செய்திருப்பதும் ஒன்றல்ல. சங்க அட்டையைக் காட்டி "என்னிடம்தான் இருக்கிறதே" என்கிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

பதிவு செய்து அட்டை வாங்கியவருக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சைச் சலுகை உண்டு. ஓய்வூதியம் இல்லாதவருக்கும்தான். "வெளிநோயாளிக்கு ஒரு ரிங்கிட், நிபுணரைப் பார்க்க ஐந்து ரிங்கிட், அதை மிச்சப்படுத்தி என்ன ஆகப்போகிறது?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அட்டையின் உண்மையான பயன் அந்த ஐந்து ரிங்கிட்டில் இல்லை. மருத்துவமனை இலவசமாகத் தராத பொருள்களில் இருக்கிறது: காதுக் கருவி, செயற்கைக் கால், சக்கர நாற்காலி, இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட், டயாலிசிஸ் செலவு. ஆயிரக்கணக்கில் போகும் இந்தச் செலவுகளுக்குத்தான் இலாகாவிடம் உதவி கேட்கலாம்.

கேட்கும் முறையில்தான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். வழக்கமான வரிசை இது. முதலில் அரசு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க வேண்டும். இந்தக் கருவி இவருக்குத் தேவை என்று அவர் எழுத்தில் தர வேண்டும். கடையிலிருந்து விலைப்புள்ளி வாங்க வேண்டும். இவற்றோடு விண்ணப்பம் போய், ஒப்புதல் வந்த பிறகே வாங்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அவருடைய மகள் பேரங்காடியில் ஒரு காதுக் கருவி வாங்கிக் கொடுத்துவிட்டு, ரசீதோடு எங்கள் மேசைக்கு வந்தார். பாசம் புரிகிறது. ஆனால் நிபுணர் கடிதம் இல்லாத ரசீதை வைத்துக்கொண்டு யாரிடம் போய்ப் பணம் கேட்பது? அவசரம் இல்லாத எந்தப் பொருளையும் ஒப்புதலுக்கு முன் வாங்காதீர்கள்.

காயம் படைச் சேவையால் வந்தது என்று நிறுவ முடிந்தால் கதை மாறும். மருத்துவ வாரியம் அப்படித் தீர்மானித்து வெளியே அனுப்பியவருக்கு 21 ஆண்டு நிறையாவிட்டாலும் உடற்குறை ஓய்வூதியத்துக்கு வழி உண்டு. நாற்பது ஆண்டுகள் கழித்து இதை நிறுவுவது கடினம், பொய் சொல்லி ஆசை காட்ட மாட்டேன். அன்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமல் விட்டதும் பாதி நேரம் வீரர்களே. மலேசியப் படையில் உடல் தகுதியை 'புல்ஹீம்ஸ்' என்ற முறையில் மதிப்பிடுகிறார்கள். கை, கால், காது, கண் தொடங்கி மனநிலை வரை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். தகுதி இறங்கினால் வேலை மாறும், பதவி உயர்வு தள்ளிப்போகும் என்ற பயத்தில் காதில் இரைச்சலையும் முழங்கால் வலியையும் மறைத்தவர்கள் ஏராளம். இதைப் படிக்கிறவர் வீட்டில் இப்போது யாராவது படையில் இருந்தால், இந்த ஒரு பத்தியை மட்டுமாவது அவருக்கு அனுப்புங்கள்: வெளியேறும் முன் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், சொன்னது எழுதப்பட்டதா என்று பார்க்க வேண்டும், நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். அன்று வெட்கப்பட்டு விட்டால் அறுபது வயதில் சாட்சிக்கு ஆள் இருக்காது.

மனக்காயம் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே உதவியும் குறைவு, கேட்கும் தைரியமும் குறைவு. காரணம் பேராக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். உலு கிந்தா வட்டாரத்தில் 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனை தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரே நம் பேச்சில் கிண்டலாகிவிட்டது. "இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டும்" என்று சிரித்துப் பழகிய வீட்டில், நடுராத்திரி எழுந்து கதவுத் தாழ்ப்பாளை நான்கு முறை சரிபார்க்கிற மனிதர் எப்படி வாய் திறப்பார்? பட்டாசுச் சத்தத்துக்காகத் தீபாவளியன்று வீட்டை விட்டே போய்விடுகிறவர், கேட்டால் 'செக்கியூரிட்டி டூட்டி' என்பார். குடிக்கிறார் என்று ஊர் சொல்லும். ஏன் குடிக்கிறார் என்று கேட்பதில்லை.

வழி இருக்கிறது, அது நேராக மனநல மருத்துவமனை வாசலில் தொடங்குவதும் இல்லை. பக்கத்திலுள்ள அரசு சுகாதார கிளினிக்கில் தூக்கம் இல்லை, சத்தத்துக்கு உடம்பு பதறுகிறது, பழைய காட்சிகள் வருகின்றன என்று இரத்த அழுத்த மருந்து வாங்கும்போதே சொல்லலாம். படையில் இருந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தூக்க மாத்திரையோடு விஷயம் முடிந்துவிடும். அங்கிருந்து ஈப்போ பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். அவசரமாக யாரிடமாவது பேச வேண்டுமானால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. ஒருவர் குறைந்தது இரண்டு ஆண்டுகள் மனநலச் சிகிச்சை பெற்று நிலைமை நீடித்தால், மாற்றுத்திறனாளியாக சமூக நல இலாகாவில் பதிவு செய்யலாம். அந்த அட்டை வந்தால் அரசு மருத்துவமனைக் கட்டணம் இல்லை. வேலை செய்ய முடியாத நிலையில் உள்ள மாற்றுத்திறனாளிக்கு, வருமானத்தைப் பார்த்து, மாதம் 300 ரிங்கிட் என்று 2021இல் வைத்தார்கள். இரண்டு ஆண்டுக் கணக்கு முதல் மருத்துவச் சீட்டிலிருந்து தொடங்குகிறது. அதனால் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நட்டம்.

இலாகா உதவி வரும் வரை காத்திருக்கும்போது மற்றக் கதவுகளையும் தட்டலாம். நாற்பது வயதைத் தாண்டிய, அரசின் ரொக்க உதவி பெறும் ஏழைக் குடும்பத்தாருக்கு 2019 முதல் பெக்கா பி40 என்ற திட்டம் இருக்கிறது. உடல்நலப் பரிசோதனை இலவசம். மருத்துவக் கருவிக்கு 20,000 ரிங்கிட் வரை, மருத்துவமனைக்குப் போய்வரத் தீபகற்பத்தில் 500 ரிங்கிட் வரை உதவி உண்டு. இராணுவத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, அதனால்தான் முன்னாள் வீரர்கள் இதைக் கவனிப்பதில்லை. போக்குவரத்துத் தொகையை மட்டும் யாரும் அற்பமாக எண்ண வேண்டாம். படை மருத்துவமனை நம் மாநிலத்தில் லுமுட் கடற்படைத் தளத்தில், கடற்கரையோரம் இருக்கிறது. நிபுணர் ஈப்போவில். எஸ்டேட் உள்ளே இருக்கிறவருக்குக் காலையில் ஒரு பஸ்கூட இல்லாத நாளும் உண்டு. அனுமதி கிடைத்தும் மூன்று முறை தவணை தவறியவர்களை எனக்குத் தெரியும், காரணம் நோய் அல்ல, கார் இல்லாததுதான்.

ஆவணங்கள். மைகார்டு எனும் அடையாள அட்டை, விடுவிப்புச் சான்றிதழ், சேவைப் புத்தகம், பழைய படை எண். பெரும்பாலும் இவை ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கும், டின் கட்டிலுக்கடியில் இருக்கும். தொல்லை பெயரில் வரும். அந்தக் காலத்தில் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது ஒரு பெயர், இன்று மைகார்டில் இருப்பது வேறு எழுத்துக்கூட்டல். தந்தை பெயரிலும் அப்படியே. இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன் பிரமாணம் செய்து கையோடு கொண்டுபோனால் ஒரு பயணம் மிச்சம். சேவைப் புத்தகமே தொலைந்துவிட்டால், படை எண்ணை மட்டும் நினைவில் வைத்திருந்தாலும் போதும், தேடிப் பார்க்க ஒரு நூல் கிடைத்துவிடும். மனைவி பெயரை மறந்தாலும் அந்த எண்ணை மறக்காத மனிதர்கள் இவர்கள்.

மனைவி என்றதும் கடைசியாக ஒன்று. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். அதற்கு முன் வழக்கப்படி நடந்த திருமணத்தைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டி விருந்து வைத்து, பதிவை மட்டும் விட்டுவிட்ட தம்பதிகள் தோட்டங்களில் எத்தனையோ பேர். ஓய்வூதியம் பெறும் வீரர் இறந்தால் அது மனைவிக்குத் தொடர வேண்டும். பதிவு இல்லாவிட்டால் முப்பது ஆண்டு குடும்பம் நடத்தியவர் அலுவலகத்தில் அந்நியராக நிற்க வேண்டியிருக்கும். இருவரும் உயிரோடு இருக்கும்போது பதிவு இலாகாவுக்குப் போய் இதைச் சரிசெய்யுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, பேரப்பிள்ளைகளோடு போய்ப் பதிவு செய்தவர்களுக்கு நாங்களே கேசரி கொடுத்திருக்கிறோம்.

ஈப்போ கிளைக்குப் போகும் நாளில் ஐயாவைத் தனியாக அனுப்பாதீர்கள். மலாய் அவருக்கு நம்மைவிட நன்றாக வரும், படையில் பேசியது அதுதான். ஆனால் கவுண்டரில் கேட்கிற கேள்வி அவர் காதில் விழாது. விழாவிட்டாலும் பழைய பழக்கத்தில் நிமிர்ந்து நின்று "பாய்க், துவான்" (சரி, ஐயா) என்று சொல்லிவிட்டு, எதுவும் வாங்காமல் திரும்பி வந்துவிடுவார்.