குடித்துக் கெட்ட கல்லீரலுக்கு எதற்கு வைத்தியம்?

பல்லடத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் கொழுந்தனார் தறி ஓட்டுகிறார். சனிக்கிழமை கூலி கைக்கு வந்தால் ஞாயிறு முழுக்கக் குடி. இப்போது வயிறு வீங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். தானாகத் தேடிக்கொண்ட நோய்க்கு மருத்துவர் ஏன் வைத்தியம் பார்க்க வேண்டும்? அந்தக் கட்டிலை வேறொருவருக்குக் கொடுக்கலாமே?"

குடும்பமே பட்ட பாட்டின் கோபம் அது. ஆனால் கல்லீரலுக்குள் நடப்பதைப் பார்த்த பிறகு தீர்ப்புச் சொல்லலாம்.

மது கல்லீரலில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாக மாறி, பிறகு அசிட்டேட் ஆகிறது. அந்த நஞ்சு செல்களைப் புண்ணாக்குகிறது. இது பலரும் அறிந்ததுதான்.

என்னை மயக்குவது அடுத்த கட்டம். கல்லீரல் செல்களுக்கும் ரத்த நுண்குழாய்களுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் நட்சத்திர வடிவச் செல்கள் சில ஒண்டியிருக்கின்றன. 1876இல் ஜெர்மானியரான குப்ஃபர் இவற்றை விவரித்தார். உடலின் வைட்டமின் ஏ கையிருப்பில் பெரும்பகுதி இவற்றுக்குள்தான் கொழுப்புத் துளிகளாக இருக்கிறது. புற ஊதா ஒளி பட்டால் அத்துளிகள் நீலப்பச்சையாக மின்னி, சீக்கிரமே மங்கிவிடும். பக்கத்துச் செல்கள் காயம்பட்டதும் இவை வைட்டமின் ஏயை இழந்து, நீண்டு, தசைபோல் சுருங்கும் தன்மை பெற்று, கொலாஜன் நாரை நூற்கத் தொடங்குகின்றன. புண்ணை மூடத்தான் இந்த வேலை. குடி தொடர்ந்தால் புண் ஆறுவதில்லை, நூற்பதும் நிற்பதில்லை. நாரில் இறுகிய கல்லீரலுக்குள் குடலிலிருந்து வரும் ரத்தம் புக முடியாது. அடைபட்ட வாய்க்கால் தண்ணீர் வரப்பை உடைப்பதுபோல் அது வேறு வழி தேட, உணவுக்குழாய் நாளங்கள் புடைக்கின்றன. அவை வெடித்தால் ரத்த வாந்தி. வயிற்றிலும் நீர் கோத்துக்கொள்கிறது. கல்லீரல் வடிகட்டாத அமோனியா மூளையை எட்டுகிறது. கையை நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னால், விரல்கள் சிறகுபோல் அடித்துக்கொள்ளும்.

குடியை நிறுத்தினால்? எலிகளிடம் 2012இல் கண்டது இது: காயம் நின்றதும் அந்த நட்சத்திரச் செல்களில் ஒரு பகுதி மடிகிறது, மற்றொரு பகுதி பழைய அமைதிக்குத் திரும்புகிறது. நாரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. இப்படி நாரேறி இறுகுவதுதான் கல்லீரல் சுருக்கம்; அது முற்றிவிட்டால் முழுதாக மாறாதுதான். ஆனாலும் குடியை விட்ட பலருக்கு வயிற்று நீர் வற்றுகிறது. வைத்தியம் வீண் என்பது தவறு.

குற்றத்தின் அளவை இந்த நார்த் தழும்பு காட்டுவதுமில்லை. மொடாக்குடியர்களில் 10 முதல் 20 சதவீதம் பேருக்குத்தான் கல்லீரல் சுருக்கம் வருகிறது. யாருக்கு என்பதில் மரபணுவுக்கும் பங்குண்டு. ஒரு சொட்டும் தொடாத சர்க்கரை நோயாளிக்கும் இதே தழும்பு விழலாம்.

உடல் சொல்லும் காரணத்துக்காக மருத்துவர் காத்திருக்கச் சொல்வது வேறு. மாற்றுக் கல்லீரலுக்கு முன் ஆறு மாதம் குடிக்காமல் இருக்கக் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது: அதற்குள் கல்லீரல் தானே தேறலாம். ஆனால் மதுவால் கல்லீரலில் கடும் அழற்சி கண்டவர்கள் அதுவரை உயிரோடு இருப்பதே அரிது. பிரெஞ்சு, பெல்ஜிய மருத்துவர்கள் அப்படிப்பட்ட 26 பேரைத் தேர்ந்தெடுத்து, காத்திருக்க வைக்காமல் கல்லீரலை மாற்றினார்கள். 2011இல் வெளியான முடிவின்படி ஆறு மாதத்துக்குப் பின் 77 சதவீதம் பேர் உயிரோடிருந்தனர். மாற்று கிடைக்காத, அதே நிலையிலிருந்தவர்களில் 23 சதவீதம் பேர்தான். தண்டனையாகச் சிகிச்சையை மறுப்பதை என்னால் ஏற்கவே முடியாது. குற்றவாளியானாலும் உயிரைக் காப்பது மருத்துவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது. 2003 முதல் மதுவைச் சில்லறையாக விற்பதே நம் அரசுதான்; அந்த வருமானத்தில் ஒரு பங்கு கல்லீரல் ஆராய்ச்சிக்கும், தாலுகா மருத்துவமனைதோறும் குடிமீட்புப் பிரிவுக்கும் போக வேண்டும். காமாலைக்குக் கையில் சூடு போட்டுக்கொண்டு நாட்களைக் கடத்தி வருவோர் அதனால் குறைவார்கள் என்று நம்புகிறேன்.

வாசகிக்கு ஒன்று. கொழுந்தனார் வீடு திரும்பி மீண்டும் குடிக்கத் தொடங்கினால், கோபத்தில் ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். பல வருடம் குடித்தவருக்கு அப்படி நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிரும் போகலாம். மருத்துவரின் கண்காணிப்பில் மருந்தோடு நிறுத்துவதுதான் பாதுகாப்பு.