ஒரு சின்னக் கட்டளை ஓப்பன்பிஎஸ்டி பொதியாக மாறும் விதம்

கோப்புகளில் ஒரு சொல்லைத் தேடி வேறொன்றாக மாற்ற யுனிக்ஸ் உலகம் 1970களிலிருந்து 'செட்' என்ற கட்டளையை நம்பியிருக்கிறது. பெல் ஆய்வுக்கூடத்தில் லீ மக்மஹன் எழுதியது. அதே வேலையை எளிதாகச் செய்ய ரஸ்ட் என்ற நிரல்மொழியில் பிறந்தது 'எஸ்டி'. தேட வேண்டியது, அதற்குப் பதிலாக வர வேண்டியது, கோப்பின் பெயர்: மூன்றையும் வரிசையாகத் தந்தால் போதும். செட்டில் செய்வதுபோல் சாய்கோடுகளுக்கு நடுவே எல்லாவற்றையும் அடைக்க வேண்டியதில்லை.

எஸ்டியின் மூலநிரல் எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. ரஸ்ட் தெரிந்தவர் 'கார்கோ' கருவியை வைத்து ஒரே வரியில் தொகுத்துக்கொள்வார். ஆனால் மூலநிரலை இயங்கு நிரலாக்கும் கம்பைலர் இல்லாத ஒருவர், 'பிகேஜி ஆட்' என்ற நிறுவல் கட்டளையைத் தட்டிய உடனே அது வர வேண்டும். வேண்டாமென்றால் சுவடில்லாமல் போக வேண்டும். அதற்குத்தான் பொதியாக்கம். ஓப்பன்பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வகை இயங்குதளத்தில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்போம். அங்கே ஒவ்வொரு படியும் வெளிப்படையாகத் தெரியும் என்பதால் புரிந்துகொள்வது சுலபம்.

அந்த இயங்குதளத்தின் 'போர்ட்ஸ்' மரத்தில் வெளி நிரல்களின் மூலநிரல் இருக்காது. ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் அடைவு; அதில் சில சிறிய உரைக்கோப்புகள், அவ்வளவுதான். 'மேக்ஃபைல்' என்பதில் பதிப்பு எண், எங்கே பதிவிறக்குவது, உரிமம், பராமரிப்பவர் யார் என்ற விவரங்கள். அப்புறம் 'டிஸ்ட்இன்ஃபோ'. பதிவிறக்கும் ஒவ்வொரு கோப்பின் ஷா-256 கைரேகையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்) பைட் அளவும் இதில் பதிவாகும். அந்தக் கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை பொருந்தாது, வேலை அங்கேயே நின்றுவிடும்.

ரஸ்ட் நிரல்களில் இந்தப் பட்டியல் நீண்டுவிடும். எஸ்டி சின்ன நிரல்தான். ஆனால் தேடல் வடிவங்களைப் புரிந்துகொள்ள 'ரீஜெக்ஸ்', பல கோப்புகளை ஒரே நேரத்தில் கையாள 'ரேயான்', கட்டளை வரியைப் படிக்க 'கிளாப்' என்று பிறர் எழுதிய 'கிரேட்'களை, அதாவது ரஸ்ட் நூலகங்களை, அது அழைக்கிறது. அவை ஒவ்வொன்றும் இன்னும் சிலவற்றை அழைக்கும். கடைசியில் பல டஜன் கிரேட்கள் சேர்ந்துவிடும். வழக்கமாகக் கார்கோ இவற்றைத் தானே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். போர்ட்ஸில் அதற்கு இடமில்லை. எல்லாக் கிரேட்களின் பெயரும் பதிப்பும் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். அந்தப் பட்டியலை உருவாக்க ஒரு கட்டளை இருக்கிறது. ஒவ்வொன்றின் உரிமத்தையும் பக்கத்தில் குறித்துத் தர இன்னொன்று. தொகுத்த பொதியைப் பிறருக்கு விநியோகிக்கலாமா என்பதை இந்த உரிமங்களை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அடுத்தது. பதிவிறக்குவதற்கு 'பிஃபெட்ச்' என்று ஒரு பயனர், தொகுப்பதற்கு 'பிபில்ட்' என்று வேறொரு பயனர். பிபில்ட் பயனருக்கு வெளி இணைப்பைத் தடுக்கும் விதி, ஓப்பன்பிஎஸ்டியின் தீயரண் அமைப்புக் கோப்பில் முதலிலிருந்தே எழுதியிருக்கும். யாரோ எழுதிய ஒரு கிரேட், தொகுக்கும் வேளையில் ரகசியமாக எதையாவது இறக்கப் பார்த்தால் நடக்காது. கைரேகை பதிவான கோப்புகளைத் தவிர வேறெதுவும் அந்த வழியில் பொதிக்குள் நுழைய முடியாது. நம்பிக்கையை ஒருவரின் நல்லெண்ணத்தில் மட்டும் விடாமல் விதியாக்கியிருக்கிறார்கள். எல்லா இயங்குதளங்களும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பேன்.

சரி, தொகுத்தாயிற்று. ஆனால் லினக்ஸில் ஓடுவது இங்கேயும் ஓடும் என்று சொல்லிவிட முடியாது. 2014 மே மாதம் வந்த 5.5 பதிப்பில், எல்லா வன்பொருள்களிலும் நேரத்தைக் குறிக்கும் எண்ணை 64 பிட்டாக மாற்றினார்கள். 32 பிட் எண் 2038 ஜனவரியில் தீர்ந்துவிடும் என்பது காரணம். இயங்குதளத்தின் உள் அமைப்புகள் இப்படி மாறும்போது, அவற்றை விவரிக்கும் ரஸ்ட் கிரேட்களும் கூடவே மாற வேண்டும். பழைய விவரத்தை வைத்திருக்கும் கிரேட், கோப்பின் தேதியைத் தவறான இடத்தில் படிக்கும். அப்படி ஏதாவது அகப்பட்டால் பொதியாளர் திருத்தத்தைத் தனிக் கோப்பாகச் சேர்ப்பார். மூல ஆசிரியருக்கும் அனுப்பிவைப்பார். ஆல்ஃபா போன்ற பழைய வன்பொருள்களுக்கு ரஸ்ட் கம்பைலரே இல்லை, அங்கே இந்தப் பொதி உருவாகாது.

கோப்பை மாற்றி எழுதும் விதத்தையும் சோதிக்க வேண்டும். இப்படிப்பட்ட கருவிகள் பெரும்பாலும் புதிய உள்ளடக்கத்தைத் தற்காலிகக் கோப்பில் எழுதி, பிறகு அதன் பெயரைப் பழைய கோப்பின் பெயராக மாற்றும். நடுவில் நிரல் நின்றுபோனாலும் மூலக் கோப்பு பாதி எழுதிய நிலையில் மிஞ்சாது. ஆனால் பெயர் மாற்றம் வட்டின் ஒரே பிரிவுக்குள்தான் நடக்கும். ஓப்பன்பிஎஸ்டி நிறுவும்போது வட்டில் போதிய இடமிருந்தால், தற்காலிகக் கோப்புகளின் அடைவும் பயனர் அடைவும் வெவ்வேறு பிரிவுகளில் அமையும். தற்காலிக அடைவில் எழுதும் கருவி இங்கே பிழை காட்டும். எஸ்டி தற்காலிகக் கோப்பை மூலக் கோப்பின் பக்கத்திலேயே உருவாக்குவதால் தப்பிக்கிறது.

அடுத்து 'ஃபேக்' என்னும் பொய் நிறுவல். உண்மையான அமைப்பைத் தொடாமல், ஒரு தனி அடைவையே முழுக் கணினியாகப் பாவித்து அதற்குள் நிறுவுவார்கள். கார்கோ இயங்கு கோப்பை மட்டும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கையேட்டுப் பக்கத்தையும், தாவல் விசையை அழுத்தினால் விருப்பங்களை நிரப்பித் தரும் கோப்புகளையும் பொதியாளர்தான் மேக்ஃபைலில் எழுதிச் சேர்க்க வேண்டும். கையேடு இல்லாத கட்டளையை அரைகுறையாகப் பார்க்கும் சமூகம் அது, எனவே இதைத் தவிர்க்க முடியாது. முடிந்ததும் பொய் அடைவில் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்து 'பிளிஸ்ட்' என்ற கோப்புப் பட்டியல் உருவாகும். நிறுவும்போதும் நீக்கும்போதும் இந்தப் பட்டியல்தான் சட்டம். வேறொரு பொதியும் அதே பெயரில் கோப்பு வைத்திருந்தால் நிறுவல் மறுக்கப்படும்.

பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நூலகங்களில் எதன் எந்தப் பதிப்பை நிரல் கேட்கிறது என்பதும் பொதியிலேயே பதிவாகிறது. பொருந்தாத கணினியில் பிகேஜி ஆட் முன்னதாகவே நிறுத்திவிடும். அதிகாரப்பூர்வப் பொதிகளில் 'சிக்னிஃபை' என்ற சிறு நிரலால் இடப்பட்ட கையொப்பமும் இருக்கும். இதுவும் 5.5 பதிப்பில் வந்ததுதான். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனிச் சாவி.

எஸ்டியின் புதிய பதிப்பு வந்தால் கிரேட் பட்டியலையும் கைரேகைகளையும் மீண்டும் உருவாக்கி, பிளிஸ்டைப் பழையதோடு ஒப்பிடுவார்கள். கையேட்டுப் பக்கம் இடம் மாறியிருந்தால் பொய் நிறுவலே பிழையோடு நிற்கும். கோப்பு ஏதாவது சத்தமில்லாமல் விடுபட்டிருந்தால் அந்த ஒப்பீட்டில் மாட்டிக்கொள்ளும்.